அண்ணனின் காது, தங்கையின் குரல்: கார்பென்டர்ஸ் உச்சத்தில் இருந்த ஐந்து ஆண்டுகள்

குன்னூரிலோ ஊட்டியிலோ கோத்தகிரியிலோ ஐம்பது வயதைக் கடந்த ஒருவரிடம், தெரிந்த ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ வரும்; இல்லையென்றால் ‘டாப் ஆஃப் த வேர்ல்ட்’ வரும். எஸ்டேட் மேலாளர் வீட்டில் வளர்ந்தவர், வெலிங்டன் ராணுவ மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கான்வென்ட்டில் படித்தவர், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து நடந்தே அரசுப் பள்ளிக்குப் போனவர் என்ற வேறுபாடெல்லாம் இதில் பெரிதாக இல்லை. ஆனால் பாடியவர்களைப் பற்றிக் கேட்டால் இரண்டே செய்திகள்தான் கிடைக்கும். அவர்கள் அண்ணன் தங்கை. தங்கை சரியாகச் சாப்பிடாமல் இளம் வயதிலேயே இறந்துபோனார். இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில், 1970 முதல் 1975 வரை நடந்தவைதான் தெரிந்துகொள்ள வேண்டியவை. தங்கை காரென் கார்பென்டரை எல்லோரும் அவருடைய மரணத்திலிருந்து பின்னோக்கியே பார்க்கிறார்கள். அவரும் அண்ணன் ரிச்சர்டும் ‘கார்பென்டர்ஸ்’ என்ற பெயரில் சேர்ந்து கட்டிய இசை அந்தப் பார்வையில் மறைந்துபோகிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இந்தப் பாட்டுகள் மலைக்கு வந்த வழி ரேடியோ. 1964இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நீலகிரியில் ஏராளமாகக் குடியேறின. அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) என்று இன்று சொல்வது அதன் வழிவந்ததுதான். வந்தவர்கள் கொழும்பு வானொலியைக் கேட்கும் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். மலையில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. தமிழ்ச் சேவைக்காக வாங்கிய ரேடியோவில் முள்ளைச் சற்று நகர்த்தினால் ஆங்கிலச் சேவை கிடைக்கும். அதில் கார்பென்டர்ஸ் பாடினால் வீட்டில் இருப்பவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள்.

ஏன் விட்டுவிட்டார்கள் என்பதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. காரென் பாடும்போது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும். பள்ளியில் ஆங்கிலம் படித்த, வீட்டில் ஆங்கிலம் பேசாத ஒரு பெண்ணுக்கு அது பெரிய கதவு. என் பெரியம்மா மகள் வைத்திருந்த பாட்டு நோட்டை நான் பார்த்திருக்கிறேன். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. ரேடியோவில் கேட்டுக்கேட்டு எழுதியது. பிடிபடாத சொல்லுக்கு அதன் நீளத்துக்கு ஏற்ப இடம் விட்டிருப்பார். அடுத்த முறை பாட்டு வரும்போது வேறு மையில் அந்த இடம் நிரம்பியிருக்கும். மற்ற பாடகர்களின் பாட்டுகளில் வெற்றிடங்கள் நிறைய மிஞ்சியிருந்தன. கார்பென்டர்ஸ் பாட்டுகளில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

இன்னொரு காரணம் கொஞ்சம் ஆழமானது. அந்தக் காலத்துத் தமிழ்த் திரைப்பாட்டில் பெண்குரல் என்றால் உயர்ந்த சுருதி. பி. சுசீலாவும் எஸ். ஜானகியும் மேல் ஸ்தாயியில் காட்டிய அழகில் பழகிய காதுகள் நம்முடையவை. பெண் பாடினால் குரல் மேலே போகும், உணர்ச்சி கூடினால் இன்னும் மேலே போகும் என்பது நமக்குள் ஊறிய எதிர்பார்ப்பு. காரென் நேர் எதிராகப் போனார். உணர்ச்சி கூடும் இடத்தில் குரல் கீழே இறங்கும். பியானோவின் நடு சி-க்குக் கீழே, ஆண்கள் சாதாரணமாகப் பேசும் இடத்துக்கு இறங்கி, அங்கே நின்று ஒரு வரியை முழுவதுமாகச் சொல்லிவிட்டு மேலே வருவார். தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தவர்களுக்கு அந்த இடம் தெரியும்: ஆல்டோ. பெண்களின் உயர்ந்த குரல் வரிசையான சோப்ரானோ மெட்டைப் பாடும். டெனரும் பாஸும் ஆண்களின் பங்கு. நடுவில் ஆல்டோ என்ற, பெண்களின் தாழ்ந்த குரல் வரிசை ஒன்று இருப்பதே சபையில் பலருக்குத் தெரியாது. நான் சிறுவயது முதல் ஆல்டோ. எங்கள் வரிசையைச் சேர்ந்த ஒருத்தி உலகத்தின் முன்னால் நின்று மெட்டைப் பாடினாள் என்பது எனக்குச் சாதாரணச் செய்தி அல்ல.

அந்தக் கீழ்க்குரல் மைக்கின் பிள்ளை என்பதையும் சொல்ல வேண்டும். மைக் இல்லாத கூடத்தில் அவ்வளவு தாழ்ந்து, அவ்வளவு மெதுவாகப் பாடினால் மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. காரென் மைக்கை ஒட்டியே பாடினார். மூச்சு எடுப்பதுகூடப் பதிவில் கேட்கும். அதனால்தான் கேட்பவருக்கு அது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதாகத் தோன்றுகிறது.

பிறந்த ஊர் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள நியூ ஹேவன். ரிச்சர்ட் 1946இல், காரென் 1950இல். 1963இல் குடும்பம் கலிபோர்னியாவின் டவுனி நகருக்குக் குடிபெயர்ந்தது. வீட்டில் இசைக் குழந்தை என்று கொண்டாடப்பட்டவர் பியானோ வாசித்த ரிச்சர்ட்தான். உடற்பயிற்சி வகுப்பிலிருந்து தப்பிக்கப் பள்ளி அணிவகுப்பு வாத்தியக் குழுவில் சேர்ந்த காரென், அங்கே டிரம்ஸ் அடிப்பவர்களைப் பார்த்து அதில் விழுந்தார். 1966இல் ரிச்சர்ட் பியானோ, காரென் டிரம்ஸ், நண்பர் ஒருவர் பாஸ் வாத்தியம் என்ற மூவர் குழு ஹாலிவுட் பவுல் அரங்கில் நடந்த போட்டியில் பரிசு பெற்றது. கல்லூரியில் சேர்ந்திசைக் குழுவை நடத்திய பிராங்க் பூலர் இருவருக்கும் ஆசிரியராக இருந்தார். பாஸ் கிட்டார் கலைஞர் ஜோ ஆஸ்பர்ன் தம் வீட்டு கராஜில் வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவிகளைப் பயன்படுத்தக் கொடுத்தார். பல நிறுவனங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு 1969 ஏப்ரலில் ஹெர்ப் ஆல்பர்ட்டின் ஏ அண்டு எம் இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. முதல் இசைத்தட்டு விற்கவில்லை.

அடுத்து வந்தது ‘க்ளோஸ் டு யூ’. அது புதிய பாட்டு கிடையாது. பர்ட் பாக்கராக் மெட்டமைத்து 1963இலேயே வேறொருவர் பாடி வெளிவந்து, கவனிக்கப்படாமல் போன பாட்டு. ஆல்பர்ட் அதை ரிச்சர்டிடம் கொடுத்தார். ரிச்சர்ட் அதன் நடையையே மாற்றினார். சாவகாசமான தாளம், தொடக்கத்தில் பியானோவின் சிறு தொடர், முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மீண்டும் எழும் குரல்களின் அலை. 1970 ஜூலையில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடத்துக்குப் போய் நான்கு வாரம் அங்கேயே இருந்தது.

ரிச்சர்டின் மேதைமை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அதன் அடுத்த பாட்டின் கதையைச் சொல்வேன். ‘வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்’ முதலில் கலிபோர்னியா வங்கி ஒன்றுக்காக எழுதப்பட்ட தொலைக்காட்சி விளம்பரப் பாட்டு. புதிதாகத் திருமணமான இணை ஒன்று வாழ்க்கையைத் தொடங்குகிறது, வங்கி துணை இருக்கிறது என்பது விளம்பரம். ரிச்சர்ட் அதைக் கேட்டு, பாடியவர் தம் நிறுவனத்திலேயே பாட்டெழுதும் பால் வில்லியம்ஸ்தான் என்று குரலை வைத்தே கண்டுபிடித்து, இதற்கு முழுப் பாட்டு உண்டா என்று கேட்டார். அதைத் தங்கையின் குரலுக்கு ஏற்ப அமைத்தார். இன்று அமெரிக்கத் திருமணங்களில் ஒலிக்கும் பாட்டாக அது நிலைத்துவிட்டது. ‘சூப்பர்ஸ்டார்’ பாட்டையும் அவர் இப்படித்தான் கண்டெடுத்தார்; பாடகி பெட் மிட்லர் தொலைக்காட்சியில் பாடக் கேட்டு. அதன் ஒலிப்பதிவில் காரென் ஒத்திகைக்காகப் பாடிய முதல் முறையே இறுதிப் பதிவில் இருக்கிறது என்று ரிச்சர்ட் சொல்லியிருக்கிறார். ஒருவர் எதைப் பாட வேண்டும் என்பதை அறிந்தவர். மற்றவர் அதைப் பாடக்கூடியவர். மேடையில் நிற்கும்போது வெளிச்சம் முழுவதும் ஒருவர் மேல் விழுந்ததால், மற்றவர் பியானோவில் துணைக்கு உட்கார்ந்திருப்பவர் என்று உலகம் நினைத்துக்கொண்டது. ரிச்சர்டுக்கு உரிய மதிப்பு இன்றும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இனி அந்தக் குரல்களின் அலையைப் பற்றி. இதை ஒரு தடவை புரிந்துகொண்டால் கார்பென்டர்ஸைக் கேட்கும் விதமே மாறிவிடும்.

அன்றைய சென்னையில் திரைப்பாட்டு ஒலிப்பதிவு என்றால் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் முடிக்க வேண்டும். கடைசி வரியில் ஒரு வயலின் பிசகினால் மறுபடி முதலிலிருந்து. கார்பென்டர்ஸ் வேலை செய்தது வேறு முறையில். நாடாவில் பல தடங்கள் உண்டு. ஒவ்வொரு தடத்திலும் தனித்தனியாகப் பாடிச் சேர்த்துக்கொள்ளலாம். ரிச்சர்ட் நான்கு குரல் பகுதிகளாக ஒத்திசையை எழுதுவார். அண்ணனோ தங்கையோ ஒரு பகுதியைப் பாடிப் பதிவார்கள். அதே பகுதியை அதன் மேலேயே மறுபடி பாடுவார்கள், மூன்றாம் தடவையும் பாடுவார்கள். பிறகு அடுத்த பகுதி. நான்கு பகுதி, மூன்று அடுக்கு என்று வைத்தால் பன்னிரண்டு குரல்கள். நமக்குக் கேட்பது ஒரு முழுப் பாடகர் குழு. உள்ளே இருப்பது இரண்டு தொண்டைகள். 1950களில் லெஸ் பால், மேரி ஃபோர்டு என்ற இசை இணை செய்த அடுக்கு முறையைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர் ரிச்சர்ட்.

பாடகர் குழு நடத்துபவர்களுக்கு இதன் அருமை உடனே தெரியும். எங்கள் குழுவில் இருபது பேர் இருக்கிறார்கள். சுருதி சேர்ப்பது கடினமே இல்லை. உயிரெழுத்துகளைச் சேர்ப்பதுதான் போராட்டம். ஒருவர் ‘ஆ’ என்று வாயை அகலமாகத் திறப்பார், பக்கத்தில் நிற்பவர் அதையே பாதி ‘ஓ’வாக உருட்டுவார். சுருதி சரியாக இருந்தும் ஒலி கலங்கும். ஒரே வீட்டில், ஒரே உச்சரிப்பில் வளர்ந்த இருவர் பன்னிரண்டு குரலையும் பாடினால் அந்தக் கலங்கல் இருக்க வழியே இல்லை. மூச்சு விடும் இடமும் சொல் முடியும் இடமும்கூட ஒன்றாகவே இருக்கும். கார்பென்டர்ஸ் பாட்டுகளில் பின்னணிக் குரல்கள் பட்டுச் சேலை மடிப்பு மாதிரி படிந்து நிற்பதற்கு இதுவே காரணம். இயந்திரம் பின்னால் திருத்தித் தந்த ஒழுங்கு அது என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படித் திருத்தும் கருவி கிடையாது. ஒவ்வொரு அடுக்கும் உட்கார்ந்து பாடியது.

1971 கிராமி இசை விருது விழாவில் சிறந்த புதிய கலைஞர் விருது. அதே ஆண்டு ‘ரெய்னி டேஸ் அண்டு மண்டேஸ்’, ‘சூப்பர்ஸ்டார்’ இரண்டும் அமெரிக்கத் தரவரிசையில் இரண்டாமிடம். இந்த ஐந்தாண்டுகளில் மூன்று பாட்டுகள் முதலிடத்தையும் ஐந்து பாட்டுகள் இரண்டாமிடத்தையும் தொட்டன. 1973 மே மாதம் முதல் நாள், மேற்கு ஜெர்மனியின் ஆட்சித் தலைவர் வில்லி பிராண்ட் வந்திருந்தபோது அதிபர் நிக்சனின் அழைப்பில் வெள்ளை மாளிகையில் பாடினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த தொகுப்பு இசைத்தட்டு பிரிட்டனில் மொத்தம் 17 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஜப்பானில் அவர்களுக்கு இருந்த வரவேற்பு இன்றுவரை அடங்கவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் ராக் இசை விமர்சகர்கள் அவர்களை மதிக்கவே இல்லை. வியட்நாம் போரும் மாணவர் கிளர்ச்சியும் நடந்த காலத்தில், தலை வாரி, இஸ்திரி போட்ட உடையுடன் சிரிக்கும் அண்ணன் தங்கை என்பது அவர்களுக்குச் சகிக்கவில்லை. இசைத்தட்டு அட்டைகளில் வந்த அந்த இனிப்பான புகைப்படங்கள் ரிச்சர்டுக்கே பிடிக்கவில்லை. இந்தப் பிம்பம் எவ்வளவு இறுகிப்போயிருந்தது என்பதற்கு 1972இல் வந்த ‘குட்பை டு லவ்’ சாட்சி. மென்மையான அந்தச் சோகப் பாட்டின் நடுவிலும் முடிவிலும் டோனி பெலூசோவின் மின்கிட்டார் கரகரத்துச் சீறி எழும். மென்பாட்டில் அப்படி ஒரு கிட்டாரை யாரும் எதிர்பார்க்கவில்லை. கார்பென்டர்ஸ் கெட்டுப்போய்விட்டார்கள் என்று ரசிகர்கள் கோபக் கடிதங்கள் எழுதினார்கள். பின்னாளில் ராக் குழுக்கள் மென்பாட்டை முழக்கத்தில் கொண்டுபோய் முடித்தபோது, அந்தக் கரகரப்புதான் முன்னோடி என்று பேசப்பட்டது. அவர்கள் பதிவு செய்த பாட்டுகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

இந்தப் புகழ் காரெனிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன? முதலில் டிரம்ஸை. அவர் தம்மைப் பாடவும் தெரிந்த டிரம்மராகவே கருதினார். குச்சிகளைப் பிடித்து, தாளத்துக்குப் பின்னால் உட்கார்ந்தபடி பாடுவது அவருக்கு இயல்பான இடம். பாட்டுகள் புகழ்பெற்றதும் சிக்கல் வந்தது. மேடையில் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தால் கூட்டத்துக்கு அவர் சரியாகத் தெரியமாட்டார். உருக்கமான மெதுப் பாட்டுக்கு எழுந்து முன்னால் வந்து நில் என்று நிறுவனமும் மேலாளர்களும் ரிச்சர்டும் சொன்னார்கள். ஒலிப்பதிவிலும் புகழ்பெற்ற பல பாட்டுகளுக்கு ஹால் பிளெய்ன் என்ற அனுபவசாலி டிரம்ஸ் வாசித்தார். மேடைக்கு வேறொரு டிரம்மர் வந்தார். 1975இல் ஓர் அமெரிக்க இதழின் வாசகர்கள் காரெனைச் சிறந்த டிரம்மராகத் தேர்ந்தெடுத்தபோது, அவர் பெரும்பாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிட்டிருந்தார்.

வியாபாரக் கணக்கில் அந்த முடிவு சரிதான். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியைப் பார்க்க வந்தவர்களிடம் அவரைக் காட்டாமல் எப்படி இருப்பது? ஆனால் கையில் எதுவும் இல்லாமல் மேடையின் நடுவில் நிற்பது வேறு வகை வேலை. வாத்தியம் வாசிப்பவரின் கையைப் பார்ப்பார்கள். பாடிக்கொண்டு நிற்பவரின் உடம்பைப் பார்ப்பார்கள். எங்கள் குழுவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தனிப்பாட்டுக்கு முன்னால் வந்து நிற்கச் சொன்னேன். “வயலினைப் பிடிச்சுக்கிட்டே நிக்கட்டுமா டீச்சர்?” என்று கேட்டாள். நான் சம்மதித்தேன். காரெனுக்கு அந்தச் சலுகையை யாரும் தரவில்லை.

பயணங்களும் சேர்ந்துகொண்டன. உச்ச ஆண்டுகளில் ஆண்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள், இடையில் தொலைக்காட்சி, கிடைத்த இடைவெளியில் ஒலிப்பதிவு. 1969 முதல் 1973 வரை ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய இசைத்தட்டு வந்தது. 1974இல் வரவில்லை, ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார நேரமே கிடைக்கவில்லை. ஒவ்வொரு அடுக்காகப் பாடிச் சேர்க்கும் இசைக்குத் தேவையான பொறுமையான காலத்தை, அந்த இசையால் வந்த புகழே தின்றுவிட்டது. ‘ஹொரைசன்’ இசைத்தட்டு 1975 ஜூனில் வந்தபோது இருவரும் களைத்திருந்தார்கள். அந்த ஆண்டு காரென் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிரிட்டனுக்கும் ஜப்பானுக்கும் போட்டிருந்த பயணத் திட்டங்கள் ரத்தாயின. உச்சம் அங்கே முடிந்தது.

அவருக்கு இருந்தது அனோரெக்சியா நெர்வோசா என்ற உண்ணுதல் கோளாறு. அன்று பொதுமக்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. மருத்துவர்களிலும் அனுபவம் உள்ளவர்கள் குறைவு. பிடிவாதம், அழகு மோகம் என்று இன்றும் நம்மிடையே பேசுகிறார்கள். அது நோய். மனத்தில் தொடங்கி இதயம்வரை போகும் நோய். வேளையோடு கண்டுகொண்டால் சிகிச்சையும் உண்டு. விடுதிப் பள்ளிகள் நிறைந்த மலை எங்களுடையது. வீட்டைவிட்டு வந்து படிக்கும் பெண்பிள்ளைகளிடம் சாப்பாட்டைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் கேலி இல்லாமல் பேச வேண்டியவர்கள் நாங்கள். அந்தப் பொறுப்பை உணர்ந்தே இதை எழுதுகிறேன்.

இவ்வளவு நெருக்கடியில் இருவரும் பிரிந்து ஆளுக்கொரு வழியில் போயிருக்கலாமே என்று தோன்றலாம். நமக்குத் தெரிந்த இரட்டையர் விஸ்வநாதன்–ராமமூர்த்தி. பத்தாண்டுகளுக்கு மேல் தமிழ்த் திரையிசையை ஆண்டுவிட்டு, புகழ் குறையாத நேரத்தில் 1965இல் பிரிந்தார்கள். பிறகு தனித்தனியாக இசையமைத்தார்கள். அவர்கள் இரண்டு வீடுகளிலிருந்து வந்து ஹார்மோனியத்தின் முன் கூடியவர்கள். கார்பென்டர்ஸ் ஒரே வீட்டில் பிறந்து, உலகப் புகழ் பெற்ற பிறகும் சில ஆண்டுகள் டவுனியில் பெற்றோருடனேயே வாழ்ந்தவர்கள். தொழிலை விட்டால் குடும்பத்தைவிட்டுப் போனதாக ஆகிவிடும். 1979இல் ரிச்சர்ட் தூக்க மாத்திரைப் பழக்கத்துக்காகச் சிகிச்சை எடுத்த நாட்களில், காரென் நியூயார்க் போய் பில் ரமோன் தயாரிப்பில் தனி இசைத்தட்டு ஒன்றைப் பதிவு செய்தார். அது கிடப்பில் போடப்பட்டு 1996இல்தான் வெளிவந்தது. அதைக் கேட்க அவர் இல்லை. 1983 பிப்ரவரி 4 அன்று, 33 வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில், டவுனியில் பெற்றோர் வீட்டில் இதயம் செயலிழந்து இறந்தார்.

டிசம்பரில் புல்வெளிகள் உறைபனியில் வெளுக்கும்போது எங்கள் மலைத் தேவாலயங்களில் கேரல் பயிற்சி தொடங்கும். ‘மெரி கிறிஸ்மஸ் டார்லிங்’ வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். அதன் வரிகளை எழுதியவர் இவர்களுக்கு ஆசிரியராக இருந்த அந்த பிராங்க் பூலரே. இளைஞராக 1946இல் எழுதி வைத்திருந்த வரிகளை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மாணவர் ரிச்சர்டிடம் கொடுத்தார், ரிச்சர்ட் மெட்டமைத்தார். 1970இல் இசைத்தட்டாக வந்தது. 1978இல் காரென் அதே பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்: முதலாவதில் இருபது வயதுப் பெண்ணின் தெளிவு, இரண்டாவதில் சொல்லைப் பிடித்து நிறுத்தி, காத்திருந்து விடுகிற ஒருத்தியின் நிதானம்.

குழு நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இந்தப் பாட்டைச் சோப்ரானோவுக்குக் கொடுப்பதற்காகப் பலரும் சுருதியை ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றியவுடன் கீழே இறங்கும் வரிகளெல்லாம் சாதாரண உயரத்துக்கு வந்து, பாட்டு வெறும் இனிப்பாகிவிடுகிறது. காரென் பாடிய சுருதியிலேயே விடுங்கள். மெட்டை ஆல்டோ வரிசையிடம் கொடுத்து, சோப்ரானோக்களைப் பின்னணிக்கு அனுப்புங்கள். கீழ்ச் சுரத்துக்குத் தொண்டையை அழுத்தாமல், மைக்கை அரை அடி நெருங்கி, பேசும் அளவுக்குக் குரலைக் குறைத்துப் பாடச் சொல்லுங்கள். முதல் வாரம் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும். இரண்டாம் வாரம் வந்துவிடும்.